விரல் சூப்பும் பிள்ளைக்கு மலையில் என்ன வாங்கலாம்: பூச்சு, உறை, கம்பி, ஒரு மதிப்பீடு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த மலையூர்க் கடைவீதியிலும் மருந்துக்கடையில் போய் "பிள்ளை விரல் சூப்புது, ஏதாவது குடுங்க" என்று கேட்டால் வருவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. நகப்பூச்சுக் குப்பி போன்ற ஒன்றில் அடைத்த கசப்பு மருந்து, ஆன்லைனில் வரவழைத்துத் தரும் விரல் உறை, இல்லையென்றால் "தைலத்தைத் தடவுங்கம்மா, ரெண்டே நாள்ல விட்டுடும்" என்ற இலவச யோசனை. நான்காவதாக, பல் டாக்டர் மேலண்ணத்தில் பொருத்தும் கம்பி இருக்கிறது. அது பலரை மலையை விட்டு இறங்க வைக்கும் சமாசாரம். சமவெளியில் ஒழுங்காக வேலை செய்யும் பொருள்கூட இங்கே குளிராலும் ஈரத்தாலும் தூரத்தாலும் சொதப்பும். அதனால் இந்த நான்கையும் மலைக் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், வாங்க வேண்டுமா என்ற கேள்வி. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எதையும் வாங்க வேண்டாம். கருப்பையிலேயே விரலை வாய்க்குக் கொண்டுபோகும் குழந்தைகளை ஸ்கேனில் பார்க்கலாம். அது பசிக்கும் தூக்கத்துக்குமான இயல்பு. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். நான்கைத் தாண்டியும் தொடர்ந்தால் காசை எடுக்கலாம். ஆறு, ஏழு வயதில் கீழ் முன்பற்களும், ஏழு, எட்டில் மேல் முன்பற்களும் பால் பல் விழுந்த இடத்தில் முளைக்கத் தொடங்கும். அதற்குள் விரல் வெளியே வந்தாக வேண்டும் என்பதுதான் முழுக் கணக்கும்.

பல்லை நகர்த்துவது சூப்பும் வேகத்தைவிட நேரம்தான். நாளுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் மெல்லிய அழுத்தம் தொடர்ந்தால் பல் இடம் மாறும் என்பது பல் சீரமைப்பில் புழங்கும் பொதுக் கணக்கு. படுத்ததும் பத்து நிமிடம் சூப்பிவிட்டு விரல் நழுவி விழும் பிள்ளையும், விடிய விடிய வாயில் வைத்திருக்கும் பிள்ளையும் ஒன்றல்ல. எனவே கடைக்குப் போகுமுன் மூன்று இரவு கணக்கெடுங்கள்: தூங்கிய ஒரு மணி நேரத்தில், நள்ளிரவில், விடிகாலையில். இங்கே பிள்ளைகள் தலைவரை கம்பளி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதால் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பளியை விலக்கித்தான் பார்க்க வேண்டும். பகலில் பார்க்கும் அடையாளங்களும் உண்டு. சூப்பும் விரல் மட்டும் வெளுத்துச் சுருங்கி, மற்ற விரல்களைவிடச் சுத்தமாக இருக்கும். கணுவில் காய்ப்பு விழுந்திருக்கும்.

அடுத்து வாய். பிள்ளையைக் கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, உதடுகளை இரண்டு விரலால் விலக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைக் கொஞ்சமாவது மூடியிருக்க வேண்டும். கடித்த நிலையிலும் நடுவில் நீள்வட்ட இடைவெளி தெரிந்து, அதன் வழியே நாக்கு எட்டிப் பார்த்தால் அதுதான் திறந்த கடி. கட்டைவிரல் போகும் பக்கம் அது சற்றே பெரிதாக இருக்கும். 'ச', 'ஸ' வரும் சொற்களில் காற்று ஒழுகுவதும் இதனால்தான். மேல் முன்பற்கள் முன்னே தள்ளி எத்துப்பல்லாவதும், கீழ் முன்பற்கள் உள்ளே சாய்வதும் கூடவே வரும். பக்கவாட்டையும் விடாதீர்கள். மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே உட்கார வேண்டும். சூப்பும்போது கன்னத் தசை உள்ளே இறுக்குகிறது; நாக்கோ விரலுக்கு அடியில் கீழே கிடக்கிறது. உள்ளிருந்து தாங்க ஆள் இல்லாமல் மேல்தாடை குறுகிப்போய் அந்தக் கடி தலைகீழாகும். முன்பக்க இடைவெளி, பழக்கம் நின்றால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பக்கக் கடி மாறியது தானாகத் திரும்புவது அரிது. அப்படித் தெரிந்தால் கடைப் பொருளில் காலம் கடத்தாமல் நேரே பல் டாக்டரிடம் போவதுதான் சரி.

இனி கசப்புப் பூச்சு. உள்ளே இருப்பது டெனட்டோனியம் பென்சோயேட். 1958இல் எடின்பரோவில் ஒரு மருந்து நிறுவனம், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் தொடர்பான ஆய்வில் தற்செயலாகக் கண்ட பொருள். அறிந்தவற்றிலேயே மிகக் கசப்பானவற்றுள் ஒன்று. குடிக்கக் கூடாத ஸ்பிரிட்டில் யாரும் வாய் வைக்காமல் இருக்கக் கலப்பதும் இதைத்தான். வேப்பங்கொழுந்து இதன் முன்னால் பாயசம். வாங்கும்போது லேபிளில் இந்தப் பெயர் இருக்கிறதா, எந்த வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். 'மூலிகைக் கசப்பு' என்று மட்டும் எழுதி உட்பொருள் போடாத குப்பியை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பூசும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கையை வெந்நீரில் கழுவி முழுக்கத் துடைத்த பின், நகத்தின் மேலும் நகத்தைச் சுற்றிய தோலிலும் ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு இன்னொன்று. குப்பியில் ஓரிரு நிமிடம் என்று போட்டிருக்கும். அது சமவெளிக் கணக்கு. மூடுபனி நாளில், ஈரக் காற்றில், கரைப்பான் மெதுவாகத்தான் ஆவியாகும். பிசுபிசுப்பு போகுமுன் பிள்ளை ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டால் பூச்சு முழுவதும் கம்பளிக்குப் போய்விடும். அப்புறம் ஸ்வெட்டர்தான் கசக்கும். ஆகவே இருமடங்கு நேரம் விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டருக்கோ கரி அடுப்புக்கோ அருகே கொண்டுபோகவே கூடாது. எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் தீப்பற்றுபவை.

இதன் பெரிய குறை நம் தட்டில் இருக்கிறது. கரண்டியால் சாப்பிடும் ஊருக்காக யோசித்த பொருள் இது. வலது கட்டைவிரலைச் சூப்பும் பிள்ளைக்குப் பூசிவிட்டுச் சோறு பிசையச் சொன்னால் ரசமும் கசக்கும், பருப்பும் கசக்கும். இரண்டு நாளில் விரலை விடாது, சாப்பாட்டை விட்டுவிடும். இடது விரல் என்றால் தொல்லை இல்லை. வலது என்றால் இரவுச் சாப்பாடு முடிந்து பல் துலக்கிய பிறகு மட்டும் பூசி, காலையில் நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் வேண்டாம். நகத்தோரம் வெடிப்போ புண்ணோ இருந்தாலும் வேண்டாம். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு விரல் வெடித்துத்தான் இருக்கிறது.

தானே விட நினைத்தும் மறந்துபோய் விரலைக் கொண்டுபோகும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது நல்ல நினைவூட்டல். சில நூறு ரூபாய்க்குத் தகும். தண்டனையாகப் பூசினால் பிள்ளை நக்கி நக்கித் தீர்த்துவிட்டு மறுபடி சூப்பும். ஆழ்ந்த தூக்கத்தில் சூப்புபவர்களிடமும் பலன் குறைவு.

தைலத்துக்கு மதிப்பெண் இல்லை, பூச்சியத்துக்கும் கீழே. நீலகிரித் தைலம் இல்லாத வீடு இங்கே இல்லை என்பதால்தான் இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. யூகலிப்டஸ் எண்ணெய் 5 மில்லிக்கும் குறைவாக உள்ளே போனாலே சிறு பிள்ளைக்குத் தள்ளாட்டம், அரை மயக்கம், வலிப்பு வரக்கூடும். அதே அலமாரியில் மூட்டுவலிக்கு விற்கும் விண்டர்கிரீன் எண்ணெய் இன்னும் மோசம். அதில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி ஏழு கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம், ஒரு குழந்தையின் உயிரை எடுக்கப் போதும். விரலில் தடவுவது ஒரு சொட்டுதானே என்பார்கள். ஒரு சொட்டு என்பது உண்மைதான். ஆனால் தினமும் தடவுவதற்காகக் குப்பி அலமாரியின் மேல்தட்டிலிருந்து தலைமாட்டுக்கு வந்துவிடுகிறது, வினை அங்கேதான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் கொடுக்காதீர்கள். குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். எஸ்டேட்டிலிருந்து ஆஸ்பத்திரி போகும் நேரத்தைக் கணக்கிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க இடமில்லை.

பாட்டி வைத்தியத்தில் மற்றவை: வேப்பெண்ணெய் கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, ஈரல் பாதிப்பு வரை கொண்டுபோயிருக்கிறது. கற்றாழை மடலின் மஞ்சள் பால் பேதியாக்கும். பச்சைப் பூண்டை அரைத்து வைத்துத் துணி சுற்றினால் தோல் தீப்பட்டதுபோல் கொப்புளிக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் காரம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மிளகாய்த்தூள் பற்றிப் பேசவே வேண்டாம்.

விரல் உறைக்கு வருவோம். சிலிக்கான் அல்லது மெல்லிய பிளாஸ்டிக்கில் குழாய் மாதிரி இருக்கும், மணிக்கட்டில் பட்டை. தத்துவம் எளிது: சூப்புவதன் சுகம் வாய்க்குள் உண்டாகும் வெற்றிடத்தில் இருக்கிறது. உறையின் துளைகள் வழியே காற்று புகுந்தால் வெற்றிடம் நிற்காது, சுகமும் இல்லை. பகலும் இரவும் தொடர்ந்து இரண்டு முதல் நான்கு வாரம் போட வேண்டும். விட்டு விட்டுப் போட்டால் பலனில்லை. ஆர்டர் போடுமுன் கட்டைவிரல் அடியின் சுற்றளவையும், நுனிவரை நீளத்தையும் நூல் வைத்து அளந்து கொள்ளுங்கள். வயதை மட்டும் வைத்து எடுத்தால் தொளதொளவென்று கழன்றுவிடும். பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே பெரியவர் விரல் ஒன்று நுழைய வேண்டும். மலிவு உறைகளில் பட்டை வெல்க்ரோவாக இருக்கும். நான்கு வயதுப் பிள்ளை அதைப் பல்லால் கிழித்துத் திறக்கும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். பொத்தான் வைத்த பட்டை தேவலை. உறை போட்ட சில நாளில் மற்றக் கட்டைவிரல் வாய்க்குப் போனால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது பழைய சுகத்தைத் தராது. தொடர்ந்தால் இரண்டாவது உறை.

துணியில் வரும் உறைகளும், கம்பளிக் கையுறையும் இங்கே எடுபடாது. எச்சிலில் நனைந்த கம்பளி ஜூலை மழையில் காய்வதற்கு இரண்டு நாள் ஆகும். ஈரத்திலேயே விரல் கிடந்தால் தோல் ஊறி, நகச்சுத்து வந்து, சூப்புவதைவிடப் பெரிய வேலை வைத்துவிடும். கம்பளி நார் தொண்டையில் சிக்குவது வேறு. சிலிக்கான் உறையைக் காலையில் கழற்றி, சோப்பில் கழுவி, உதறித் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் தயார். மழைக்காலத்தில் சிலிக்கானுக்குத் தனி மதிப்பெண்.

கடையில் விற்காத ஒன்றுக்குத்தான் நாங்கள் முதலிடம் கொடுப்போம். பிள்ளை இரவில் போடும் முழுக்கைச் சட்டை அல்லது ஸ்வெட்டரின் கை நுனியில், பனியன் துணியை விரல் நுனிக்கு மேல் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளும்படி வைத்துத் தைத்து மூடிவிடுவது. தையற்கடையில் கால் மணி நேர வேலை. குளிர் ஊர் என்பதால் கை மூடிய சட்டையைப் பிள்ளை தண்டனையாக நினைக்காது. சென்னையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சூப்பும் கைக்கு மட்டும் தையுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் மற்றக் கை வேண்டும். மூன்று சட்டை தைத்துக்கொண்டால் மழைக்காலம் ஓடிவிடும். கைக்குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம், நான்கு வயதுக்கு மேல் மட்டும். இதையே முழங்கையில் தளர்வாகக் கிரேப் பேண்டேஜ் சுற்றியும் செய்வதுண்டு: கை மடங்கினால் இறுகும், விரல் நழுவும். ஆனால் குளிரில் விரல் நுனி நீலமாவது பேண்டேஜாலா பனியாலா என்று இருட்டில் யார் கண்டுபிடிப்பது? சட்டையே நல்லது.

மிச்சம் கம்பி. டாக்டர்கள் ஹேபிட் பிரேக்கர் என்பார்கள். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில் எஃகு வளையம். அவற்றை இணைத்து அண்ணத்தை ஒட்டி ஓடும் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கம்பி. முன்பற்களுக்குப் பின்னால் வேலிபோல் வளைத்த சில வளைவுகள். விரல் அண்ணத்தில் உட்கார முடியாது. திறந்த கடிக்குள் நாக்கைத் துருத்தும் பழக்கத்தையும் இது தடுக்கும். ஆறு வயதைத் தாண்டி, மற்ற எல்லாம் தோற்று, பிள்ளையும் சம்மதித்த பிறகு வைப்பது. முள்போல் நுனி நீட்டிய பழைய வகையைத் தவிருங்கள். வேலிக்குப் பதில் நாக்கால் உருட்டும் சிறு டெஃப்லான் உருளை வைத்த வகையும் உண்டு. அதைப் பிள்ளைகள் விளையாட்டாக ஏற்றுக்கொள்கிறார்கள், பேச்சும் குறைவாகக் குழறும்.

இந்தச் சேவையில் மலைக்காரர்கள் எண்ண வேண்டியது நடையை. முதல் நடையில் பரிசோதித்து, கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சிறு ரப்பர் வளையம் சொருகுவார்கள், இடம் உண்டாக. சில நாள் முதல் ஒரு வாரத்தில் இரண்டாம் நடை: எஃகு வளையத்தை அளந்து, மாவு வைத்து அச்செடுப்பது. மூன்றாம் நடையில் கம்பியை சிமெண்டால் ஒட்டுவது. ஒரு வாரத்தில் ஒரு பார்வை, பிறகு மாதமொரு முறை. ஊட்டியிலிருந்து கோவை ஏறக்குறைய 86 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து மதுரை 120ஐ ஒட்டி. எஸ்டேட் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. கம்பியின் விலையோடு இதையும் கூட்டித்தான் பில் போட வேண்டும். கோவையிலும் மதுரையிலும் பல் மருத்துவக் கல்லூரிகளின் குழந்தைகள் பிரிவில் கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம்.

மலையூரிலேயே அச்செடுத்து, கீழே லேப்புக்கு அனுப்பிச் செய்து தரும் டாக்டர் கிடைத்தால் நடை மிச்சம். அவரிடம் ஒன்று கேளுங்கள்: அச்சில் ஸ்டோன் மாவை (கல்போல் இறுகிப் பல்லின் மாதிரியாகும் மாவு) இங்கேயே ஊற்றி அனுப்புவீர்களா, அச்சையே அனுப்புவீர்களா? வாயில் வைத்து எடுக்கும் அந்த மாவு அச்சு, அதாவது அல்ஜினேட் அச்சு, நீரிழந்து சுருங்கும் பொருள். எடுத்த சூட்டோடு ஊற்றிவிட வேண்டும். பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்த அச்சில் செய்த கம்பி, வளையம் உட்காராமல் திரும்பி வரும்.

காலமும் பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் மண்சரிந்து மலைப்பாதை மூடினால் அந்த ரப்பர் வளையம் வாயிலேயே தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் ஈறுக்குள் நழுவி எலும்பைக் கெடுக்கலாம். இடையில் விழுந்துவிட்டால் பரவாயில்லை, ஈறுக்குள் போனால் பார்த்தே ஆக வேண்டும். பக்கத்து ஊர் பல் டாக்டர் யாரும் எடுத்துவிடுவார். மே மாதம் மலர்க்கண்காட்சி நெரிசலில் அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்குப் போய்ச் சேருவது அதிர்ஷ்டம். பிப்ரவரி, மார்ச் தோது. இன்னொன்று: கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு இறங்கிய பிள்ளைக்கு உடனே அச்சு மாவை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இலகுவான சாப்பாடு, இறங்கியபின் ஒரு மணி நேர ஓய்வு, அதற்குப் பிறகு அச்சு.

கம்பி ஒட்டிய முதல் வாரம் எச்சில் வழியும், 'ச' குழறும், தூக்கம் கெடும். பத்து நாளில் பழகிவிடும். நாக்கில் கம்பித் தடம் பதிவது இயல்பு. புண்ணானால் கம்பியின் மேல் ஒட்டும் மெழுகு கேட்டு வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மொறுமொறு பிஸ்கட்டான ஊட்டி வர்க்கிதான் இந்தக் கம்பியின் முதல் எதிரி: அடுக்கடுக்காக உதிர்ந்து அண்ணத்துக்கும் கம்பிக்கும் நடுவே களிபோல் அப்பிக்கொள்ளும். கடலை மிட்டாயும் ஜவ்வு மிட்டாயும் வளையத்தையே பிடுங்கும். ஹோம்மேட் சாக்லேட்டில் பருப்பில்லாதது, அதுவும் சாப்பாட்டோடு, பரவாயில்லை. சாப்பிட்டபின் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஜனவரிக் குழாய்த் தண்ணீரில் எந்தப் பிள்ளையும் கொப்பளிக்காது. துர்வாடை வந்தாலோ, நாக்கால் தட்டும்போது வளையம் 'டக்' என்று அசைந்தாலோ சிமெண்ட் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டால் வளையத்துக்கு அடியில் சொத்தை.

விரல் பெரும்பாலும் சில வாரத்திலேயே நின்றுவிடும். அதைப் பார்த்துக் கம்பியை எடுக்கச் சொல்லும் வீடுகளில்தான் பழக்கம் திரும்புகிறது. மொத்தம் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். மேல்தாடை குறுகியிருந்தால் வேலிக்கம்பி மட்டும் போதாது. விரிக்கும் கம்பியும் சேர்த்துப் போடுவார்களா என்பதை முதல் நடையிலேயே கேட்டுவிடுங்கள், தனியாகச் செய்தால் இன்னொரு சுற்று நடை.

எதை எடுத்தாலும் பள்ளி திறக்கும் ஜூனிலோ, வீட்டில் தம்பி தங்கை பிறந்த மாதத்திலோ தொடங்காதீர்கள். பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கோ டீச்சருக்கோ சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உறை பத்து மணிக்கே பைக்குள் போய்விடும். பழக்கம் நின்ற நாளிலிருந்து மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், கடித்த பற்களைப் போனில் படமெடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் இடைவெளி குறையவில்லை என்றால், படங்களோடு டாக்டரைப் பாருங்கள். பிள்ளை வாயைத் திறந்தே தூங்குகிறதா, மூக்கடைப்பு தீராமல் இருக்கிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். குளிர் ஊரில் திறந்த கடிக்கு விரலோடு மூக்கும் காரணமாக இருப்பதுண்டு.